கோபுர இலச்சினை யாருடையது?

குறி என்பது தன்னைக் காட்டுதற்கு அமைந்ததன்று. தான் குறிக்கும் பொருளைக் காட்டுதற்கே அமைந்தது. இலிங்கம் என்னும் சொற்குக் குறி என்பதே பொருளாதலைச் சைவநூல் பயின்றார் யாவரும் அறிவர். இவ்வுண்மை மறக்கப்பட்டவிடத்துக் குறியைப் பற்றிய வழக்குப் பெருகும். பொருளோ கைநழுவிப் போம். தமிழ்நாட்டரசின் கோபுர இலச்சினையைப் பற்றிச் சேலம், நாமக்கல் பகுதிகளிற் சைவ அன்பர் கூடுமிடங்களில் எழும் வழக்கு இத்தகையதேயாம்.

இலச்சினையின் வரலாறு சுருங்கியது. 1947-இல் அந்நியராட்சி நீங்கிய பின்னர், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்துத் தலைமை அமைச்சராயிருந்த காலத்திற் கோபுரம் இலச்சினையாக எண்ணப்பெற்றது. கிருஷ்ணராவ் என்னும் ஓவியர் அதனை வரைந்தார். 1949-இல் அது மேற்கொள்ளப்பட்டது. கோபுரத்தின் முன்னர் அசோகன் தூணின் சிங்கமுகமும், இருபாலும் தேசியக் கொடியும், கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்னும் வாசகமும் இன்று விளங்குகின்றன.

இதன்பால் வழக்கிடுவோர் மூவகையர். சமயச் சார்பற்ற அரசிற்குக் கோயிற்கோபுரம் ஆகாது என்பார் ஒருசாரார். அக்கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூரதென்று பலருங் கூறுதலின் வைணவம் ஏற்றம்பெற்றதென்றும், அது மதுரை மேலைக்கோபுரமே என்று நிலைநாட்டுதல் சைவர் கடனென்றும் கூறுவார் மற்றொருசாரார். எக்கோயிற் கோபுரமாயினும் அஃது அரசு முத்திரையில் ஏறியதே சமயத்தின் வெற்றி என்று மகிழ்ந்திருப்பார் மூன்றாஞ்சாரார். இம்மூவர் கூற்றும் பொருந்தா என்பது ஈண்டுக் காட்டப்படும்.

முதற்கண் கூறியார்க்கு விடை எளிது. அதே முத்திரையில் நிற்குஞ் சிங்கமுகம் சாரநாத்தில் அசோகவேந்தன் நிறுவிய பௌத்தத் தூணினின்றும் எடுக்கப்பட்டது. 1950 சனவரி 26-இல் நாட்டின் இலச்சினையாக அது மேற்கொள்ளப்பட்டபோது, அதன்கீழ்ப் பொறித்த வாசகம் முண்டகோபநிடதத்தினின்றும் கொள்ளப்பட்டது. இவற்றால் இந்திய அரசு பௌத்த அரசாயிற்றென்றாதல் வைதிக அரசாயிற்றென்றாதல் கூறுவார் ஒருவருமிலர். சிங்கத்தைப் பொறுத்தவர் கோபுரத்தைப் பொறாமை நடுநிலையன்று. கோபுரம் இந்நாட்டுச் சிற்பியரும் கல்தச்சரும் பலநூறாண்டு பயின்ற தொழிலின் முடிமணியாகலின், இந்நாட்டின் குறியாதற்கு அதனினும் தக்கது யாது?

இனி, மதுரையோ ஸ்ரீவில்லிபுத்தூரோ என்று வழக்கிடுவார் தம் நாட்டையே நோக்குவாராக. நாமக்கல் மலையில் அதியர் குடைந்த குகைக்கோயில்கள் நரசிங்கர்க்கும் அரங்கநாதர்க்கும் உரியன. அரங்கநாதர் குகையிலேயே சங்கரநாராயணர் திருவுருவமும் செதுக்கப்பட்டுள்ளது. திருச்செங்கோட்டு மலையில் அர்த்தநாரீசுவரரும், செங்கோட்டு வேலவரும், ஆதிகேசவப் பெருமாளும் ஒருங்கே எழுந்தருளியிருக்கின்றனர். ஒரு மலையில் ஒருங்கு தொழுதுவரும் மக்கள், ஒரு காகிதமுத்திரையின் பொருட்டுப் பிணங்குதல் நகைப்பிற்கிடமாம். பிறசமயங்களையும் வீடுபேற்றிற்குப் படிகளாகக் கொள்ளுஞ் சித்தாந்த சைவர்க்கு இப்பிணக்கு ஒருசிறிதும் ஏலாது. கோபுரம் தூலலிங்கமென வழிபடப்படுவது. தொலைவினின்றே கண்டு கைகூப்பத் தகுவது. முத்திரையிலுள்ளது எவ்வூர்க் கோபுரம் என்று ஓவியத்தின் நிலைகளை எண்ணிக்கொண்டிருப்பார், தம்மூர்க் கோபுரத்தைக் கண்டு கைகூப்பும் பொழுதை இழந்தாராவர்.

மூன்றாஞ்சாரார் கூற்றே பெரிதும் மறுக்கத்தக்கது, என்னை? அது சைவர்க்கு உறக்கந் தருவதாகலின். கோபுரம் அரசினர் குறியானது 1949-இல்தான் என்று இவர் நினைத்தனர்போலும். கிழக்கிந்தியக் கும்பினியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னை அக்கசாலையில் அடித்த வராகன் காசுகளில் ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரமும், மறுபுறம் திருமாலின் திருவுருவமும் பொறித்தனர். ஐரோப்பியர் அப்பொற்காசினையும் கோயிலையும் ‘பகோடா’ என்னும் ஒரே பெயரால் அழைத்தனர். 1792-இல் திப்புசுல்தானிடமிருந்து கும்பினியார் கைப்பட்ட சேலம் நாட்டின் நிலவரியும் வராகன் கணக்கிலேயே குறிக்கப்பட்டது. கோபுரக்காசு அடித்ததனாற் கும்பினியார் சைவராயினரோ? வைணவராயினரோ? வணிகம் நடத்தற்கு மக்கள் நம்புங் குறி வேண்டியிருந்தது, அதனைப் பொறித்தனர். அதே கும்பினியார் 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குச்சட்டத்தாற் கோயிலறங்களின் மேற்பார்வையையுந் தங்கையிற் கொண்டனர். ஆகவே, ஆள்வோர் முத்திரையிற் கோபுரமிருத்தல் சமயம் வாழ்தற்குச் சான்றாகாது என்பது தெளிவு.

அரசர் குறிகளின் முடிவையும் இவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சோழர் செப்பேட்டு முத்திரைகளிற் புலியும் கயலும் வில்லும் ஒருங்கு பொறிக்கப்பட்டன. அம்மூன்றனுள் ஒன்றேனும் அரசுக்கொடியாக இன்று யாண்டும் பறப்பதில்லை. பல்லவர் முத்திரை இடபம். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் இடபத்தையே தங்குறியாகக் கொண்டு ‘சேது’ என்னும் எழுத்தொடு காசு அடித்தனர். பல்லவர் மறைந்தனர், யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசர் 1619-இல் கைப்பற்றினர். அரசர் கையிலிருந்த இடபம் அவரொடு வீழ்ந்தது. திருக்கோயிற் கொடிமரத்து இடபமோ காஞ்சியிலும் யாழ்ப்பாணத்திலும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டேயிருக்கின்றது. ஒரே குறி ஓரிடத்து மாய்ந்து மற்றோரிடத்து நிலைத்தது எற்றினால்? பின்னதன்கண் குறிக்கப்படும் பொருள் வழிபடுவாருள்ளத்தில் நின்றமையான் என்க.

அப்பொருளை உமாபதிசிவம் அறிவுறுத்தருளினார். தில்லையிற் கொடி ஏறாது நின்றபோது அவர் பாடியருளக் கொடி ஏறிற்று என்பது வரலாறு. அப்பாடலே கொடிக்கவி, மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாய் வைத்து ஓதப்படுவது. கொடித்தண்டு பதியாகவும், கொடிச்சீலை பசுவாகவும், அதனைச் சுற்றிய தருப்பைக்கயிறு பாசமாகவும் பெரியோர் உரைப்பர். உயிர் அருளின்வழி மேலேறிப் பதியைச் சார்தலே கொடியேற்றத்தின் உட்பொருள். கயிற்றை இழுக்கும் கைவலியாற் கொடி ஏறுவதன்று என்பதே அவ்வரலாறு உணர்த்துவது.

திருச்செங்கோட்டின் தேவாரப்பெயர் கொடிமாடச்செங்குன்றூர். அடியாரை வருத்திய சுரநோய் நீங்கத் திருஞானசம்பந்தப்பெருமான் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளியதும் அத்தலத்தேயாம். கொடியைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊரில், வைகாசி விழாவின் தேர்நாளிற் கூடும் பெருந்திரளுள், கொடியேற்றத்தன்று வந்து நின்றார் எத்துணையர்? நின்றாருள் கொடிக்கவியை ஓதவல்லார் எத்துணையர்? முத்திரையைப் பற்றி முழுநாள் வழக்கிடுவார் இவ்வினாக்கட்கு விடைகூறுக.

அன்றியும், அரசினர் முத்திரைக்குப் பரிந்துபேசும் அன்பர் சிலர், தம் வாணிகத்தில் ஜவ்வரிசி மூட்டையிலும், ஊதுவத்தி உறையிலும், திருமண அழைப்பிதழிலும் கோபுரத்தையும் அம்மையப்பர் திருவுருவத்தையும் அச்சிடுகின்றனர். பொருள் தீர்ந்தபின் அவை குப்பையிற் கிடக்கின்றன. வழிப்போவார் காலில் மிதிபடுகின்றன. பிறசமயத்தார் எவரும் இதனைச் செய்திலர், சைவரே செய்தனர். இதனினும் பெரிய இழிவு எவ்வரசு முத்திரையால் வந்துவிடும்? சிற்றூர்க் கோயில்கள் பலவற்றிற் கோபுரத்து இடுக்குகளில் அரசும் ஆலும் வேர்விட்டுச் சுதையைப் பிளக்கின்றன. காகிதக் கோபுரத்திற்கு இரங்கும் உள்ளம் கற்கோபுரத்திற்கு இரங்காதது ஏன்?

தாரமங்கலத்துக் கயிலாயநாதர் கோயிலைக் கட்டிமுதலிகள் எடுப்பித்தனர். அவராட்சி ஒழிந்தது, கோயில் நின்றது. ஆதலின், சைவர்க்குரிய இலச்சினை யாதெனின், திருநீறும் கண்டிகையும் திருவைந்தெழுத்துமே என்க. அரசினர் தமக்கு வேண்டிய குறியைக் கொள்க. சைவர் செயற்பாலன வேறு: திருவுருவத்தை விலைப்பொருளின் உறையில் அச்சிடுதலை ஒழிக, கோபுரத்து மரக்கன்றை ஆண்டுதோறும் களைக, கொடியேற்ற நாளிற் குடும்பத்தொடு சென்று நின்று, கொடிக்கவியைச் சிறார்க்கும் ஓதுவிக்க. இவை செய்யாதார் மதுரைக் கோபுரமே முத்திரையிலுள்ளதென்று ஆயிரஞ் சான்று காட்டினும் சைவத்திற்கு ஆவதொன்றில்லை.

திருச்சிற்றம்பலம்.