பாட்டு என்றால் சினிமாப் பாட்டு மட்டும்தானா?



"நீங்க கேட்கிற அயர்லாந்து பேண்ட் பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா தமிழுக்கு அது ஒத்துவராது. நமக்கு சினிமாப் பாட்டு போதும்." உங்களில் பலர் என்னிடம் சொல்லும் வார்த்தை இது. நானும் இளையராஜா ரசிகன்தான். சினிமாப் பாட்டை நான் குறை சொல்லவில்லை. அது மட்டுமே போதும் என்ற சோம்பலைத்தான் சொல்கிறேன்.

அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் நாம் 7 கோடிக்கு மேல். 1976-இல் டப்ளின் நகரில் லாரி முல்லன் என்ற 14 வயதுப் பையன், பேண்ட் தொடங்க ஆள் தேவை என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினான். வந்தவர்கள் அவன் வீட்டுச் சமையலறையில் கூடி வாசித்தார்கள். அதுதான் 'யு டூ'. 1993-இல் இங்கிலாந்தின் வாரிங்டனில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகளுக்கு இரண்டு சிறுவர்கள் பலியானார்கள். 'கிரான்பெரீஸ்' பாடகி டோலரஸ் ஓரியார்டன் 'ஸாம்பி' எழுதினார். கோபம் வந்தது, பாட்டு வந்தது. நடுவில் கதாநாயகன் இல்லை.

நம்மால் முடியாதா? முடிந்திருக்கிறதே! இலங்கையில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', சிலோன் மனோகரின் 'சுராங்கனி' இரண்டும் சினிமாவுக்காகப் பிறந்தவை அல்ல. 2018-இல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் சேர்த்துச் சாதியை எதிர்த்துப் பாடியது. 2021-இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' எந்தப் படத்திலும் இல்லாமல் உலகம் சுற்றியது.

புதுச்சேரிக்கு இது புதிதா? சினிமா பேசத் தொடங்கும் முன்பே நாடகப் பாட்டால் ஊர் ஊராக மக்களைக் கட்டிப்போட்ட சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தது இங்கேதான். நம் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறைக்கு அவர் பெயர்தான். அதே வட்டாரத்துப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் என்ன நடக்கிறது? பென் டிரைவில் சினிமாப் பாட்டு ஓடுகிறது, பிள்ளைகள் வாயசைத்து ஆடுகிறார்கள்.

பிள்ளைச்சாவடிக் கரையைக் கடல் அரிக்கிறது. படகு நிறுத்த இடமில்லை என்று அப்பா புலம்புவதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அதைப் பற்றி ஒரு பாட்டும் தெரியாது. எந்த இயக்குநரும் அந்தக் காட்சியைச் சொல்லி மெட்டுக் கேட்கப் போவதில்லை. அந்தப் பிள்ளைகளே பாடினால்தான் உண்டு.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஆண்டு விழாவில் பத்து நிமிடத்தைப் பிள்ளைகளே எழுதி, அவர்களே வாசித்துப் பாடும் பாட்டுக்குக் கொடுங்கள். சுருதி விலகினால் விலகட்டும். அறிவிப்புப் பலகை எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. தாள் ஒட்ட வருகிற பிள்ளையை விரட்டாதீர்கள், அவ்வளவுதான்.