கட்டப்பாவும் வெல்ல மண்டியும்

முன்குறிப்பு: பாகுபலி, ஹாரி பாட்டர், கேம் ஆஃப் த்ரோன்ஸ் மூன்றின் முடிவும் கீழே வருகிறது. இத்தனை வருஷம் கழித்தும் பார்க்காமல், படிக்காமல் பத்திரமாக வைத்திருக்கும் புண்ணியவான்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடவும்.

2025 அக்டோபர் 31-ம் தேதி பாகுபலி இரண்டு பாகங்களையும் வெட்டி ஒட்டி ஒரே படமாக ரிலீஸ் செய்தார்கள். மூணே முக்கால் மணி நேரம். தங்கமணியோடு போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வரும்போது எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு உணர்வு. பார்க்கிங்கில் காரை எடுக்கும்போதுதான் உறைத்தது. கேள்வி கேட்ட கையோடு பதிலையும் சொல்லிவிட்டார்கள். நடுவில் இருந்த அந்த 22 மாதத்தைக் காணோம்.

முதல் பாகம் வந்தது 2015 ஜூலை 10. இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28. இடைப்பட்ட காலத்தில் இந்தியாவில் 'கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்' என்று கேட்காதவர் யாராவது இருந்திருந்தால் அவர் அப்போது கோமாவில் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படத்தில் கொஞ்சம் பங்கு உண்டு. தெலுங்குப் பாடல் வெளியீட்டு விழா 2015 ஜூன் 13 அன்று திருப்பதியில்தான் நடந்தது, ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக மைதானத்தில். நான் நாலு வருஷம் அரியரும் அட்டெண்டன்ஸுமாகக் குப்பை கொட்டிய அதே வளாகம். சித்தி பையன் சித்தூரிலிருந்து பைக்கில் எழுபது கிலோமீட்டர் போய், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்து, விடியற்காலையில் வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தான். மலையேறி சாமி பார்த்த பையன்கூட இவ்வளவு பக்திப் பரவசத்தோடு திரும்பியதில்லை என்று சித்தி போனில் சொன்னாள்.

படம் வந்தபோது நான் லீவில் சித்தூரில் இருந்தேன். பெங்களூரா மாம்பழ சீசன் முடிகிற நேரம், கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகும் டிராக்டர்களால் ரோடு முழுக்க மாம்பழ வாசனை. நான், சித்தி பையன், மாமா மூன்று பேரும் தெலுங்கில் பார்த்தோம். (தமிழில் பார்க்க வேலூர் போக வேண்டும். முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான். ஆனால் வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்களுக்கு சினிமா வீதியைச் சேர்ந்த விஷயம்.) படம் முடிந்ததும் காந்தி சிலைப் பக்கம் ஒரு டீக்கடை. அங்கே ஏற்கெனவே பட்டிமன்றம் களைகட்டியிருந்தது.

செத்தது பாகுபலியே இல்லை, அவனைப் போலவே இருக்கும் இன்னொருவன் என்றார் ஒருவர். தேவசேனாவைப் பிணையாகப் பிடித்து வைத்து மிரட்டியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். டீ மாஸ்டர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், "டைரக்டர் சொன்னாரு, கொன்னான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

என் தியரி படித்தவன் தியரி. பாகுபலியே தன்னைக் கொல்லச் சொல்லிக் கட்டப்பாவைக் கெஞ்சியிருப்பான் என்றேன். எங்கிருந்து சுட்டேன் என்று ஹாரி பாட்டர் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். 2005 ஜூலையில் வந்த ஆறாவது புத்தகத்தில் ஸ்னேப், டம்பிள்டோரைக் கொல்கிறான். அவன் நல்லவனா கெட்டவனா என்று ஏழாவது புத்தகம் வந்த 2007 ஜூலை வரை உலகமே மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் பார்த்தால், கொல்லச் சொன்னதே டம்பிள்டோர்தான். அந்த இரண்டு வருஷமும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் ஜெயித்தவன் நான். அதே சாவியை இந்தப் பூட்டிலும் போட்டுப் பார்த்தேன்.

மாமா டீயை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"சிவகாமி சொல்லியிருக்கும்டா."

"அந்தம்மா நல்லவங்க மாமா. பாகுபலியை ராஜாவாக்கினதே அவங்கதான்."

"நல்லவங்கதான். எவனாச்சும் காதுல ஓதியிருப்பான்."

"சரி, கட்டப்பாவுக்கு அது தப்புன்னு தெரியாதா?"

"தெரியாம என்ன? தெரிஞ்சுதான் செஞ்சிருப்பான்."

செம மொக்கை தியரி மாமா என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமாவுக்கு இணையம் கிடையாது, ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்க்கிற பழக்கம் கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் பாரதம். எங்கள் பக்கத்தில் தர்மராஜா கோயில் திருவிழா என்றால் பதினெட்டு நாள் பாரதம்தான். மத்தியானம் ஹரிகதை, ராத்திரி விடிய விடிய கூத்து. கடைசி நாள் மண்ணில் மல்லாந்து கிடக்கிற மாதிரி துரியோதனனை மலை போலச் செய்து, தொடையில் அடித்துக் கொல்வார்கள். யார் சாவார்கள், யார் ஜெயிப்பார்கள் என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் பாயும் தலையணையுமாக வந்து இடம் பிடிப்பார்கள். அந்தக் கூட்டம் 'அடுத்து என்ன' என்று கேட்காது. பீஷ்மர் ஏன் துரியோதனன் பக்கம் நின்றார் என்று வருஷா வருஷம் சண்டை போடும். மாமாவுக்குக் கட்டப்பா புது ஆள் இல்லை. சிம்மாசனத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதன்மேல் யார் உட்கார்ந்தாலும் காவல் நின்ற இன்னொரு கிழவர். அவ்வளவுதான்.

வாக்கு என்பது எங்கள் ஊரில் லேசான விஷயமும் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி காணிப்பாக்கம். அங்கே பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்யச் சொன்னால் வாய்ச்சவடால் பேர்வழியும் எச்சில் விழுங்குவான். போலீஸ் ஸ்டேஷனில் தீராத பஞ்சாயத்து குளத்தில் முங்கி ஈரத்துணியோடு நிற்கும்போது தீர்ந்துவிடும்.

இத்தனைக்கும் விடையை முதல் பாகத்திலேயே கண்ணெதிரில் வைத்திருந்தார் ராஜமௌலி. சுதீப் வருகிற அந்த வாள் வியாபாரி காட்சி. உன்னை விடுதலை செய்கிறேன் வா என்கிறான். முன்னோர் கொடுத்த வாக்கு, நான் சிம்மாசனத்தின் அடிமை, வர முடியாது என்கிறான் கட்டப்பா. எல்லோரும் பார்த்தோம். ஏதோ சுதீப்புக்காக வைத்த காட்சி என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டோம்.

2017 ஏப்ரலில் மாமா சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. பிஜ்ஜலதேவனும் பல்லாளனும் நாடகமாடி ஓதினார்கள், சிவகாமி நம்பினாள், ஆணையிட்டாள். நீ கொல்கிறாயா, நானே கொல்லட்டுமா என்றாள். அவன் கொன்றான். டீ மாஸ்டர் சொன்னதும் சரிதான், மேலிடத்து உத்தரவு. (ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்னால் நிஜக் கட்டப்பாவும் பணிய வேண்டி வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய காவிரிப் பேச்சுக்காகக் கர்நாடகத்தில் படத்தை நிறுத்துவோம் என்று கிளம்ப, மற்றவர்கள் உழைப்பு தன்னால் வீணாகக் கூடாது என்று சத்யராஜ் வருத்தம் தெரிவித்தார்.)

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். 22 மாதம் நாம் கேட்ட கேள்வியே தப்பு. 'ஏன் கொன்றான்' என்று கேட்டால் 'சொன்னார்கள், செய்தான்' என்ற பதில் வந்ததும் எல்லோருக்கும் திருப்தி. ஓஹோ அப்படியா, பாவம் என்று அவனுக்கு விசில் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். 'ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை' என்று கேட்டிருந்தால் இரண்டாம் பாகம் இவ்வளவு சுலபமாக அவனை விட்டிருக்காது. நாங்கள் கட்டிய தியரி அத்தனையும், ஒரு நல்லவன் வெறும் உத்தரவுக்காக இதைச் செய்யமாட்டான், வேறு பெரிய காரணம் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியது. என் ஸ்னேப் தியரி உட்பட. அந்த நம்பிக்கை இல்லாத ஒரே ஆள் மாமா.

இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்று நான் இருக்கும் டப்ளினில் ஓடிக்கொண்டிருந்தது. கேம் ஆஃப் த்ரோன்ஸில் பாதி இந்தத் தீவின் வடக்கே எடுத்தது, அதனால் இங்கே அது சொந்த ஊர்ப் படம் மாதிரி. திங்கள் விடியற்காலை இரண்டு மணிக்கு ஒளிபரப்பு. மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் தூங்கி வழிந்துகொண்டே தியரி. எங்கள் டீமில் ஒரு ஐரிஷ்காரப் பெண் ஜேமி லானிஸ்டர் கட்சி. ஜேமி ராஜாவின் மெய்க்காவலன், வாக்குக் கொடுத்தவன். பைத்தியக்கார ராஜா ஊரையே கொளுத்தச் சொல்கிறான், உன் அப்பன் தலையைக் கொண்டுவா என்கிறான். ஜேமி மாட்டேன் என்று ராஜாவையே குத்திவிடுகிறான். லட்சக்கணக்கான பேர் பிழைக்கிறார்கள். அவனுக்குக் கிடைத்த பட்டம், ராஜாவைக் கொன்ற துரோகி. யோசித்துப் பாருங்கள். உத்தரவை மீறிய ஜேமிக்குக் கதை முழுக்க ஏச்சு, உத்தரவுப்படி நல்லவனைக் கொன்ற கட்டப்பாவுக்குக் கதை முழுக்கக் கைத்தட்டல்.

கடைசியில் செர்ஸியும் ஊரைக் கொளுத்தத் துணிவாள், அவளையும் ஜேமிதான் கொல்வான், ஒருமுறை மீறியவன் மறுமுறையும் மீறுவான் என்பது அந்தப் பெண்ணின் தியரி. மேஜையைத் தட்டித் தட்டி வாதிடுவாள். 2019 மே மாதம் ஜேமி செர்ஸியைக் கட்டிக்கொண்டு இடிபாட்டில் செத்துப் போனான். ராணியைக் கொல்கிற வேலை ஜானுக்குப் போனது, ராணியும் வேறு ராணி. கடைசி சீசனைத் திரும்ப எடுங்கள் என்று பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அதில் ஒன்று அவளுடையது. ஜான் ஸ்னோவின் அம்மா யார் என்பதை முதல் புத்தகம் வந்த சில வருஷங்களிலேயே வாசகர்கள் ஊகித்துவிட்டார்கள். திரையில் உறுதியானது 2016-ல். யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காக முடிவை மாற்றப் போவதில்லை என்ற கட்சி, எழுதிய மார்ட்டின். ஆனால் தொடரின் கடைசியில் ஆச்சரியப்படுத்துவதே குறி என்று ஆகிவிட்டது என்பது அவள் கோபம். எனக்கும் அதே கோபம்தான்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் பாகம் பார்த்த கையோடு தோல்வியை ஒப்புக்கொள்ள போன் செய்தேன். எப்படி மாமா கரெக்டா சொன்னீங்க என்று கேட்டதற்கு, பாரதம் பீஷ்மர் என்றெல்லாம் ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். அப்புறம் வெல்ல மண்டிக் கதையைச் சொன்னார். மாமா முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். அங்கே எடை போடும் ஆள் ஒருவர், மாமாவோடு தினமும் ஒரே டீயைப் பாதிப் பாதி குடிப்பவர். ஒரு மார்கழியில் சரக்கு குறைந்தது. எடுத்தது சாவுகாரின் மைத்துனன் என்று மாமாவின் நோட்டே சொல்லியது. ஆனால் மைத்துனன் முந்திக்கொண்டு ஓதிவிட்டான். பொங்கலுக்கு முன்னால் அவனுக்குக் கணக்கு முடிச்சு அனுப்பிடு என்றார் சாவுகார். மாமா கணக்கு முடித்தார். பணத்தை எண்ணி அவர் கையிலேயே கொடுத்தார்.

"அவன் ஒண்ணும் கேக்கலைடா. காசை எண்ணாமக்கூட வாங்கிட்டுப் போனான்."

"நீங்க சாவுகார்கிட்ட நோட்டைக் காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருக்கலாம்" என்றார். மறுமுனையில் மாமி ஏதோ கூப்பிட, வைத்துவிட்டார். அந்த எடைக்காரர் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை வைத்திருக்கிறார். மாமா பஸ் ஏறப் போனால் அந்தத் தெருவைத் தவிர்த்து சுற்றிக்கொண்டு போவதாகச் சித்தி பையன் சொன்னான்.

2023 தொடக்கத்தில் என்னிடம் நாலு பெயர் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள். எக்செல்லில், காரணத்தோடு. ஆணி பிடுங்குகிற எல்லோருக்கும் அந்த வருஷம் எப்படி இருந்தது என்று தெரியும். வீட்டுக்கடன், பையன் ஸ்கூல், எனக்கும் காரணங்கள் இருந்தன. வியாழக்கிழமையே அனுப்பிவிட்டேன். மூன்றாவது பெயர் ஜேமி கட்சிக்காரியுடையது. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அவள் இருந்த ப்ராஜெக்ட் மூடப்பட்டது, அவ்வளவுதான். குறையில்லை என்பதை அந்தக் கட்டத்தில் எழுத இடமும் இருந்தது. எழுதவில்லை. பட்டியல் யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

2024 ஜூனில் ஹவுஸ் ஆஃப் த டிராகன் இரண்டாவது சீசன் ஆரம்பித்த வாரம் அவளிடமிருந்து ஒரு மெசேஜ். பார்க்கிறாயா, இந்தக் கதை முழுக்க 2018-லேயே புத்தகமாக வந்துவிட்டது, சண்டை போட ஒன்றுமே இல்லை, போர் அடிக்கிறது என்று. முடிவு தெரிந்த கதைக்குப் பதினெட்டு ராத்திரி கண் விழிக்கிற ஊர் என்னுடையது என்று பதில் எழுத ஆரம்பித்தேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அந்த மெசேஜ் இன்னும் அப்படியே கிடக்கிறது.