சம்பளம் கொடுத்தது யார்?

துப்பறியும் நாவல் படிப்பவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற இலக்கியவாதிகளோடு எனக்கு இந்த வாரம் சண்டை இல்லை. அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும். என் சண்டை உங்களோடுதான். என்னோடும்தான். ஆசை ஆசையாகத் துப்பறியும் நாவல் படித்துவிட்டு, கடைசியில் தப்பான ஆளுக்குக் கை தட்டுகிறோமே, அதைப் பற்றி.

டேஷியல் ஹாமெட் எழுதிய ‘ரெட் ஹார்வெஸ்ட்’ படித்திருக்கிறீர்களா? ‘பிளாக் மாஸ்க்’ என்ற மலிவுக் காகிதப் பத்திரிகையில் தொடராக வந்து, 1929-ல் புத்தகமானது. போலீஸ் ஊழலைப் பற்றி வந்த தனியார் துப்பறிவாளர் கதைகளுக்கெல்லாம் தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம்.

நாற்பது வயது, குள்ளம், குண்டு. இதுதான் ஹீரோ. (வயதும் சுற்றளவும் எனக்குப் பொருந்துவதால் ஒரு தனிப் பாசம்.) பெயர்கூடக் கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு துப்பறியும் கம்பெனியில் மாதச் சம்பளக்காரர். பர்சன்வில் என்ற சுரங்க ஊருக்கு வருகிறார். பாய்ஸன்வில் என்பது அதன் பட்டப்பெயர். விஷ ஊர்! வந்ததும் அவர் பார்க்கிற முதல் போலீஸ்காரர் முகத்தில் சவரம் இல்லை. இரண்டாவது ஆள் யூனிஃபார்மில் இரண்டு பட்டனைக் காணோம். மூன்றாவது ஆள் நடுரோட்டில் வாயில் சுருட்டோடு டிராஃபிக் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதோடு நம்ம ஆள் போலீஸ்காரர்களை எடை போடுவதை நிறுத்திவிடுகிறார். இதற்கு மேல் ஒரு ஊரைப் பற்றி என்ன தெரிய வேண்டும்?

அவரை வரவழைத்த பத்திரிகை அதிபர், சந்திப்பதற்கு முன்பே சுட்டுக் கொல்லப்படுகிறார். கொன்றது யார்? கடைசி அத்தியாயம் வரை நம்மைக் காக்க வைக்க வேண்டிய கேள்வி. ஹாமெட் அதை ஆரம்பத்திலேயே தூக்கிப் போட்டுவிடுகிறார். ஒரு பாங்க் குமாஸ்தா, பொம்பளை விஷயத்தில் பொறாமை, அவ்வளவுதான். மிச்சப் புத்தகம் முழுக்கக் கிடக்கிறதே, அப்புறம் எதைத் துப்பறிவது?

இங்கேதான் நூனன் வருகிறார். ஊரின் போலீஸ் தலைவர். சிரித்த முகம், முதுகைத் தட்டிப் பேசுவார், தட்டிய கையாலேயே குழி தோண்டுவார். சூதாட்டக்காரன், சாராயக்காரன், அடகுக் கடைக்காரன் எல்லோரோடும் கூட்டு. கூட்டு கசந்தால் போலீஸ் படையோடு போய்ச் சுடுவார். நம்ம ஆளையே தீர்த்துக்கட்டப் பார்க்கிறார். பாதிப் புத்தகத்தில் உங்களுக்கு நூனன் மீது பற்றிக்கொண்டு வரும். ‘இவன் ஒழிந்தால் ஊர் உருப்படும்’ என்று தோன்றும். முதல் தடவை படித்தபோது எனக்கும் அப்படித்தான்.

நான் பி.காம். படித்தவன். காலேஜில் கற்றதில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். போலீஸ் ஊழல் என்றதும் நாம் எல்லோரும் ஒரு பக்கக் கணக்குதான் எழுதுகிறோம். வாங்கினவன் பேர், வாங்கின தொகை, சஸ்பெண்ட், தீர்ந்தது. கொடுத்த பக்கம் காலி.

ஹாமெட் அந்தப் பக்கத்தை நிரப்புகிறார். எலிஹு வில்சன் என்று ஒரு கிழவர். செத்துப்போன பத்திரிகை அதிபரின் அப்பா. சுரங்கக் கம்பெனி அவருடையது. பாங்க் அவருடையது. காலைப் பத்திரிகை, மாலைப் பத்திரிகை இரண்டும் அவருடையவை. செனட்டர், கவர்னர், மேயர் வரை பாக்கெட்டில். நாற்பது வருஷமாக ஊரே அவர் சொத்து. 1921-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். எட்டு மாதம். உடைப்பதற்கு எலிஹு வெளியூரிலிருந்து ரவுடிகளை இறக்குகிறார். உடைந்தது. ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. ‘உனக்கு ஊரை ஜெயித்துக் கொடுத்தோம், எங்கள் பங்கு எங்கே?’ என்று உட்கார்ந்துவிட்டார்கள். தன் அடியாட்களுக்குத் தானே பயந்து, படுக்கையில் கிடக்கிற முதலாளி! நூனன் ஆடுவது இந்த ஏற்பாட்டின் மேல் நின்றுகொண்டுதான்.

கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். ஹாமெட் 1915-லிருந்து 1922 வரை விட்டுவிட்டு பிங்கர்ட்டன் கம்பெனியில் துப்பறிவாளராக வேலை பார்த்தவர். வேலைநிறுத்தங்களை உடைக்க முதலாளிகள் வாடகைக்கு எடுத்த கம்பெனி அது. பர்சன்வில்லுக்கு மாதிரி, மோன்டானா மாநிலத்தின் பியூட் என்ற தாமிரச் சுரங்க நகரம் என்பார்கள். 1917 ஆகஸ்ட் 1-ம் தேதி விடிவதற்கு முன், ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரை முகமூடி ஆட்கள் அவர் தங்கியிருந்த வீட்டிலிருந்து இழுத்துப் போய், ரயில் பாலத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். ஒருவர் மீதும் வழக்கு இல்லை. அவரைக் கொல்ல ஹாமெட்டுக்கே 5,000 டாலர் பேசப்பட்டதாக, அவருடைய நெடுநாள் துணைவி லிலியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். நம்பாத ஆய்வாளர்களும் உண்டு. அதை விட்டுவிட்டாலும், 1920-ல் அதே ஊரில் மறியல் செய்தவர்கள் மீது கம்பெனிக் காவலர்கள் சுட்டு, ஒரு தொழிலாளி செத்தது வரலாறு. அதற்கும் யாருக்கும் தண்டனை இல்லை. அனகோண்டா என்ற அந்தத் தாமிரக் கம்பெனியின் கையில்தான் மோன்டானாவின் பெரும்பாலான தினசரிகள் 1959 வரை இருந்தன. எலிஹுவின் காலைப் பத்திரிகையும் மாலைப் பத்திரிகையும் ஞாபகம் வருகிறதா?

நாவல் வந்த அதே 1929-ல் ஜனாதிபதி ஹூவர், விக்கர்ஷாம் கமிஷனைப் போட்டார். மதுவிலக்குக் காலம். போலீஸ் ஸ்டேஷன்களில் அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்குவதைப் பற்றி அந்தக் கமிஷன் 1931-ல் ஒரு தனி அறிக்கையே கொடுத்தது. முக்கியமான அறிக்கைதான். ஆனால் சம்பளப் பட்டியலைத் தேடுகிறவர்கள் நாவலுக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

சரி, கை தட்டல் விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளை செத்த வேகத்தில் எலிஹு பத்தாயிரம் டாலர் செக் கொடுத்து, ஊரைச் சுத்தம் செய்யச் சொல்கிறார். பிறகு வேண்டாம் என்கிறார். நம்ம ஆள் விடுவதாக இல்லை. நூனன் தன்னைக் கொல்லப் பார்த்தார் என்ற கோபம். ஆக, கூலியில் ஆரம்பித்த வேலை சொந்தப் பகையில் ஓடுகிறது. நியாயம் இதில் எங்கே வந்தது? ஒருவனைப் பற்றி இன்னொருவனிடம் கோள் மூட்டி, எல்லோரையும் மோதவிடுகிறார். நூனன் சாகிறார். ஒவ்வொருவராக எல்லோரும் சாகிறார்கள். நாம் விசிலடிக்கிறோம்.

‘ஏன் சார், அந்தப் பசங்களை வேறென்னதான் பண்றது? கோர்ட்டுக்குப் போனா நடக்குமா?’ என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஹாமெட்டே அதற்கு இடம் வைத்திருக்கிறார். ஒரு ராத்திரி நம்ம ஆள் டைனா என்ற பெண்ணிடம் மனம் விட்டுப் பேசுகிறார். எலிஹுவிடம் போய் நிலைமையை எடுத்துச் சொல்லி, சட்டப்படியே முடித்திருக்கலாமாம். ஆனால் ஒருவரையொருவர் கொல்லவிடுவது சுலபமாக இருந்ததாம். திருப்தியாகவும் இருந்ததாம்! ரத்தவெறி தனக்கே பிடித்துவிட்டது என்று அவரே பயப்படுகிறார். மறுநாள் காலையில் போதை தெளிந்து கண் விழித்தால், கையில் ஐஸ் உடைக்கிற ஊசியின் பிடி. ஊசி டைனாவின் நெஞ்சில். கொன்றது தானா என்று அவருக்கே தெரியவில்லை. (கொன்றவன் வேறு ஆள் என்பது பிறகு தெரிகிறது. அந்த நிமிஷத்தின் பயம் அதனால் குறைந்துவிடுமா?) கோர்ட் வேண்டாம், சுட்டுத் தள்ளு என்று சத்தம் போடுகிறவர்கள் அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை படிக்கட்டும்.

சினிமாக்காரர்கள் இதையெல்லாம் நைசாக நழுவவிட்டுவிட்டார்கள். குரோசவாவின் ‘யோஜிம்போ’ (1961) இந்த நாவலிலிருந்து பிறந்ததா என்று விமர்சகர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். ‘யோஜிம்போ’வைப் பார்த்து இத்தாலியில் எடுத்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) விஷயத்தில், ஜப்பான்காரர்கள் கேஸ் போட்டுப் பங்கே வாங்கினார்கள். இரண்டும் அருமையான படங்கள், சந்தேகமில்லை. வெளியூர்க்காரன் வருகிறான், இரண்டு கும்பலை மோதவிடுகிறான், ஊரை அமைதியாக்கிவிட்டுப் போகிறான். ‘யோஜிம்போ’வில் போலீஸ்காரர் சில்லறைக்கு அலைகிற சிரிப்பு ஆசாமி. நூனனைப் பார்த்து அப்படிச் சிரிக்க முடியாது.

நாவல் எப்படி முடிகிறது தெரியுமா? நம்ம ஆள் எலிஹுவை மிரட்டி, கவர்னரிடம் சொல்லி நேஷனல் கார்டு படையை வரவழைக்க வைக்கிறார். மிரட்ட ஆயுதம், டைனாவுக்குக் கிழவர் எழுதிய காதல் கடிதங்கள்! ராணுவச் சட்டம் வருகிறது. போலீஸ் படை மொத்தமும் வீட்டுக்கு. துடைத்து, கழுவி, ஊரை யார் கையில் கொடுக்கிறார்? எலிஹு கையில். மறுபடி கெட்டுப்போகத் தயாராக இருக்கிறது என்று கிண்டலும் அடிக்கிறார். ரவுடிகளைக் கூட்டி வந்த அதே கிழவர். அவர் மீது ஒரு கேஸ் கிடையாது.

கடைசியில் ஒரு சின்ன விஷயம். முதல் தடவை படித்தபோது நான் கவனிக்காமல் தாண்டியது. ஊர் திரும்புவதற்கு முன், நம்ம ஆள் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஆபீஸுக்கு ரிப்போர்ட் எழுதுகிறார். எத்தனை சட்டத்தை மீறினோம், எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பொய் சொன்னோம், எதுவும் தெரியாத மாதிரி மழுப்பி, ஜோடித்து ஒரு ரிப்போர்ட். நூனனின் ஸ்டேஷனில் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அப்படி. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பெரியவர் அதை நம்பவில்லை. கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.