தடைக்காலத்துல வர்ற மீன்... ஐஸா, ஃபார்மலினா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆனால், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு நிற்காது. வெளியூர் மீன் லாரியில் வரும். அது கெடாம வந்தது ஐஸாலா, ஃபார்மலினாலா என்பதுதான் கேள்வி.

ஃபார்மலின்னா என்ன?

ஃபார்மால்டிஹைடு, மூக்கை எரிக்கும் ஒரு வாயு. ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் மட்டுமே கொண்ட சின்ன மூலக்கூறு. இதைத் தண்ணீரில் 37 முதல் 40 சதவீதம் கரைத்தால் ஃபார்மலின்.

சும்மா இருக்கத் தெரியாத வேதிப்பொருள் இது. புரதங்களுக்கு நடுவே பாலம் போட்டு இறுக்கிவிடும். பாக்டீரியா சாகும், தசை விறைக்கும். இந்தக் குணத்தால்தான் மருத்துவக் கல்லூரிகளில் உடல்களைப் பாதுகாக்கவும், தடுப்பூசிக்காக டெட்டனஸ் நச்சைச் செயலிழக்க வைக்கவும் பயன்படுகிறது. பிளைவுட் பசை, மெலமின் தட்டு தயாரிப்பிலும் இது உண்டு.

மீனில் ஏன் கூடாது?

நாள்பட்ட மீனையும் இது ஃப்ரெஷ்ஷா காட்டும். ஆனால் மீனோட புரதம், நம்ம புரதம் என்று பிரிச்சுப் பார்க்க இதுக்குத் தெரியாது. சுவாசிப்பவர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த பொருள் இது. உணவில் சேர்க்க இந்தியாவில் அனுமதி இல்லை. "நல்லா கழுவினா போயிடும்" என்பதும் சரியில்லை. புரதத்தோடு பிணைந்தது முழுசா போகாது.

ஒரு சிக்கலும் உண்டு. சில மீன்களில் இது இயற்கையாகவே உருவாகும். அதனால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் வரம்பு வைத்தது: பெரும்பாலான மீன்களுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம், பாம்பே டக் போன்ற சிலவற்றுக்கு 100.

என்ன செய்யணும்?

2018 ஜூனில், கேரளாவின் தடைக்காலத்தில், ஆரியங்காவு சோதனைச்சாவடியில் சுமார் 9,600 கிலோ ஃபார்மலின் மீன் பிடிபட்டது. அது போனது தமிழகத்திலிருந்து. பிடிக்க முடிந்ததற்குக் காரணம், எல்லையிலேயே சோதித்ததுதான். கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய கிட்டில், காகிதத் துண்டை மீனில் தேய்த்து ஒரு துளி ரசாயனம் விட்டால், சில நிமிடங்களில் நிறம் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் லேபில் உறுதிசெய்யலாம்.

காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு. காரைக்காலோ புதுச்சேரி நிர்வாகம். வாஞ்சூரைத் தாண்டினால் அதிகாரி மாறுவார், லாரியில் இருக்கும் மீன் மாறாது. தடைக்காலத்தில் இரு நிர்வாகமும் சேர்ந்து சோதித்து, முடிவை அன்றே மார்க்கெட்டில் ஒட்ட வேண்டும்.

காரைக்கால் மீனில் ஃபார்மலின் இருக்கு என்று யாரும் இங்கே சொல்லவில்லை. ஆனால் சோதனை இல்லாத இடத்தில் வதந்திதான் பேசும். அப்போ முதல் அடி, ஐஸ் போட்டு நேர்மையா விற்கும் கூடைக்கார அக்காக்களுக்குத்தான்.