பாதி எழுதப்பட்ட கதை

விளையாட்டு என்றால் மைதானம் அல்லது கைபேசி என்றே நம் பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, பேச்சினாலேயே ஆடும் விளையாட்டும் உண்டு. பாடசாலையில் நமக்குக் கிடைக்காத ஒரு பயிற்சியை அது தருகிறது என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். “முன்னால் ஒரு குகை. உள்ளே வெளிச்சம் தெரிகிறது. என்ன செய்வீர்கள்?” என்று அவள் கேட்பாள். அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துக் கதை நகரும். நடத்துபவளுக்கு உதவியாகக் குகைகள், கோட்டைகள், அங்கே இருப்போர் பற்றிய விவரங்களோடு சிறு நூல்களும் வெளிவந்தன. அவற்றை ‘மொடியூல்’ என்பார்கள்.

அளவெட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நானும் தங்கையும் அயல்வீட்டுத் தோழியர் இருவரும் விடுமுறை நாட்களில் இவற்றைத் தமிழில் ஆடுகிறோம். கைகாக்ஸ் எழுதிய எல்லைப்புறக் கோட்டைக் கதையில் கோட்டைத் தலைவர், கொல்லர், வியாபாரி எனப் பலர் வருகிறார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. நடத்துபவள்தான் வைக்க வேண்டும். மைக் கார் எழுதிய இன்னொரு மொடியூலில், எந்த அறையில் எந்தப் பூதம், எந்தப் புதையல் என்பதற்கு வெற்றிடமே விடப்பட்டிருக்கிறது. நூல் பாதிக் கதையைத்தான் தருகிறது. மீதி நம் கையில். அளவெட்டி தவிலுக்குப் பேர்போன ஊர். தாளம் எல்லோருக்கும் பொதுவானது. அதற்குள் தெட்சணாமூர்த்தி வாசித்ததைத்தான் ஊர் இன்றும் பேசுகிறது.

கோட்டைக் கதையில் குட்டிப் பூதங்கள் ஆபத்து வந்தால் ஒரு பை பொற்காசை வீசி, பக்கத்துக் குகை அரக்கனை உதவிக்கு அழைக்கும். வகுப்பில் வாய் திறக்காத என் தோழி அந்த இடத்தில் வாளை எடுக்கவில்லை. “அவை தாறதிலும் இரண்டு மடங்கு நாங்கள் தாறம், வழியை விடு” என்று அரக்கனிடம் பேரம் பேசினாள். நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதை அந்த நிமிடத்திலேயே நான் யோசிக்க வேண்டியிருந்தது.

மார்க்க ரீதியாக எழும் கேள்விகள் நியாயமானவை. மூல நூலில் தெய்வங்களிடம் சக்தி பெறும் பூசகர் வருகிறார். நாங்கள் அவரை மூலிகை அறிந்த வைத்தியராக்கினோம். மந்திரவாதிப் பாத்திரத்தை எடுக்கவில்லை. பகடை உருட்டுவதை உம்மம்மா விரும்பவில்லை. ஆகவே 1 முதல் 20 வரை மட்டைத் துண்டுகளில் எழுதிப் பையிலிருந்து எடுக்கிறோம். 1979இல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த நிறுவனமே பெட்டிக்குள் இலக்கமிட்ட மட்டைகளைத்தான் வைத்து விற்றது.

இந்த முறை நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. கேள்வியும் பதிலுமாக நடக்கும் ‘மசலா’ என்ற வகை தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் உண்டு. ‘நூறு மசலா’வில் கேள்வி கேட்பவள் ஓர் இளவரசி. பதில் சொல்ல வேண்டியவன் இளவரசன்.

உயர்தர மாணவிகளான நாம் கடந்தகால வினாத்தாள்களோடு வாழ்கிறோம். அவற்றின் விடைகள் புள்ளித்திட்டத்தில் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டிலும் பல நேரம் அப்படித்தான். எந்தத் துறை, எந்த ஊர், எப்போது திருமணம் என்பவற்றை முடிவான பிறகே நாம் அறிகிறோம். “நீ என்ன செய்வாய்?” என்று ஒரு பெண்பிள்ளையைக் கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருப்போர் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்கவும், அதற்குப் பதில் சொல்லவும், சொன்ன பதிலின் விளைவை ஏற்கவும் இந்த விளையாட்டில் பழகுகிறோம்.

பெற்றோரே, பரீட்சைக் காலத்தில் வேண்டாம் என்றால் அது சரியே. விடுமுறையில் ஒரு பின்னேரத்தை மட்டும் தாருங்கள். ஐயம் இருந்தால் நீங்களும் மேசைக்கு வந்து ஒரு பாத்திரம் ஏற்றுப் பாருங்கள். உங்கள் மகள் உங்களிடம் கேள்வி கேட்பாள். யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.