மலை இருக்கு, நிழல் இருக்கு, நிக்க இடம்தான் இல்லை

ஆஸ்லோவில் இருக்கும் நண்பன் போன வாரம் நாற்பது போட்டோ அனுப்பியிருந்தான். நாள் முழுக்க காரில் சுற்றினானாம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், இடையில் சிவப்பு மர வீடுகளோடு மீனவ கிராமங்கள். எல்லாம் சரி. கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தான்: "நம்மூர்ல இப்படிச் சுத்திப் பார்க்க என்னடா இருக்கு?"

சுர்ருன்னு ஏறிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

டேய், நீ பிறந்தது ராஜபாளையம். காலையில ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளைக் கும்பிட்டு, சூடா பால்கோவா வாங்கிட்டு, மெயின் ரோட்டை விட்டு மம்சாபுரம் வழியா ஒரு தடவையாவது ஊருக்கு வந்திருக்கியா? மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். வழியெல்லாம் கண்மாய், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. ஐப்பசி மழை விட்ட மறுநாள்னா மலை எட்டித் தொடுற தூரத்துல நிக்கும். செண்பகத்தோப்புப் பக்கம் சாம்பல் நிற மலை அணில் இருக்கு. அதுக்காகவே 1988-ல சரணாலயம் வந்தது. 2021-ல அது மேகமலையோட சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆச்சு. கடல் ஒண்ணுதான் நமக்குக் குறை.

அழகு இல்லைங்கிறது சுத்தப் பொய். ஆனா அவன் சொன்னதுல பாதி உண்மை இருக்கு மக்களே. அதுதான் உறுத்துது.

மார்கழியில் அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு இதே பாதையில் போனேன். அம்மா காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. கேட்டதுக்கு, "வழியில எங்கப்பா ஒதுங்குறது?" என்றார். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். கழிப்பறையில் பூட்டு. "ரிப்பேர் சார்." அத்தை ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து காரில் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் எந்த மலையைக் காட்டி என்ன பிரயோஜனம்? வீட்டுக்கு எப்போ போவோம்னுதான் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தாங்க.

நார்வேயில் 18 சாலைகளைத் தேர்ந்தெடுத்து, 'இவை பார்ப்பதற்கான சாலைகள்' என்று அரசே அறிவித்திருக்கிறது. அங்கங்கே வண்டி நிறுத்த இடம், உட்கார பெஞ்சு, கழிப்பறை. உரெட்பிளாசென் என்ற இடத்தில் 2018-ல் திறந்த கழிப்பறையையே ஜனங்க போட்டோ எடுத்துத் தள்ளுறாங்க!

"அவனுக்கு எண்ணெய்க் காசு கொட்டுது, நமக்கு ஆகுமா?"ன்னு கேட்பீங்க. புளியமரத்தடியில ஒரு திண்ணை போட எண்ணெய்க் காசு எதுக்குங்க? சுமைதாங்கிக் கல்லும், சாவடியும், தண்ணீர்ப்பந்தலும் வச்ச ஊருங்க இது. ராணி மங்கம்மாள் சத்திரம் கட்டினது நார்வேயைப் பார்த்தா? தலைச்சுமையோட நடந்து வர்றவன் நின்னு மூச்சு வாங்கணும்னு அன்னைக்கு யோசிச்சாங்க. இன்னைக்கு நாம எவ்வளவு சீக்கிரம் ஊரைக் கடக்கலாம்னு மட்டும்தான் யோசிக்கிறோம்.

அரசாங்கத்தை மட்டும் திட்டிட்டுப் போகவும் மனசு வரலை. ஐயனார் கோயில் அருவிப் பக்கம் பாறை இடுக்குல கிடக்கிற பாட்டில் சில்லு எந்த அதிகாரி போட்டது? நாமதான். அந்தத் தண்ணியைக் குடிக்க வர்ற யானைக்குக் காலில் செருப்பா இருக்கு?

காட்டுக்குள்ள ரிசார்ட் கட்டச் சொல்லலை. காடு காடாவே இருக்கட்டும், மலையை ரோட்டிலிருந்தே பார்த்துக்கலாம். நான் கேட்கிறது ரெண்டு ஊருக்கும் நடுவுல மூணே மூணு இடம். மரநிழல், திண்ணை, குடிதண்ணி, பூட்டாத ஒரு கழிப்பறை, அதைச் சுத்தமா வச்சுக்க ஒழுங்கான சம்பளத்துல ஒரு ஆள். அவ்ளோதான்.

நண்பனுக்கு இன்னும் பதில் போடலை. அம்மா வழியில பயமில்லாம ஒரு சொம்புத் தண்ணி குடிக்கிற அன்னைக்கு, நானும் நாற்பது போட்டோ அனுப்புவேன்.

உங்க ஊர்ப் பாதை எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்முறதா இருந்தாலும் சரி.