அப்பா காதும் விளம்பர சத்தமும்

போன மாசம் வரைக்கும் எங்க வீட்டுல ராத்திரி எட்டு மணி ஆனா பஞ்சாயத்துதான். அப்பா சீரியல் பார்ப்பார். வால்யூம் ஏறிக்கிட்டே போகும். உள்ளே பொண்ணு படிச்சிட்டு இருப்பா. திடீர்னு விளம்பரம் வரும், வீடே அதிரும். தங்கமணி என்னைப் பார்ப்பாங்க. நான் போய், "அப்பா, கொஞ்சம் குறைச்சு வைங்களேன்" என்பேன்.

"நானாடா கூட்டினேன்? அவ பேசறது காதுல விழல, கூட்டினேன். இவன் வந்து கத்தறான். நான் என்ன பண்றது?"

"உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சுப்பா" என்று ஒரு நாள் சொல்லியே விட்டேன். அவர் பதில் பேசாமல் டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க டிவி ஓடவில்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் தூக்கம் வரலை.

காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். டெஸ்ட் எடுத்துவிட்டு, "வயசுக்கு வர்ற குறைதான் சார்" என்றார். வயசானால் முதலில் போவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள். பேச்சில் ஸ, த, ஃப மாதிரி எழுத்துகள் தெளிவது அந்தப் பகுதியில்தான். அதனால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. இன்னொரு கொடுமை, உள்காது தளர்ந்தவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பலத்த ஒலி நமக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு பலமாகவே கேட்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் அவர்களுக்கு ரொம்பக் குறுகல். ஆக அப்பா சொன்னது அப்படியே நிஜம்.

பொட்டி தட்டுகிறவன் சும்மா இருப்பானா? செட்டாப் பாக்ஸ் பின்னாடி ஆடியோ வயரைச் சொருகி மடிக்கணினியில் ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். முதலில் உச்ச அளவைப் பார்த்தேன். சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் ஒரு டெசிபல் கூட வித்தியாசம் இல்லை. ஆஹா, மாட்டினோம்டா, அப்பா காதுதான் கோளாறு போல என்று நினைத்தேன்.

அங்கேதான் மக்களே சூட்சுமம். 'டேய்' என்று ஒரே ஒரு தடவை கத்தறவனும், அரை மணி நேரம் விடாமல் கத்தறவனும் உச்சத்தில் ஒன்றுதான். காது உச்சத்தை மட்டும் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்துக்குச் சேர்ந்து வரும் சத்தத்தைத்தான் 'பலம்' என்று எடுத்துக்கொள்கிறது. விளம்பரம் செய்கிறவர்களுக்கு இது தெரியும். கம்ப்ரஸரைப் போட்டு மெல்லிய இடத்தை எல்லாம் தூக்கி, உச்சத்தை ஒட்டியே முப்பது வினாடியும் ஓட்டிவிடுவார்கள். மீட்டர் முள் விதியை மீறாது. நம்ம காது மட்டும் கிழியும்.

இந்தப் பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல. பழைய டேப் ரெக்கார்டர்களில் ஆடுமே ஒரு முள், அந்த வி.யூ. மீட்டர் அமெரிக்காவில் 1939-ல் தரப்படுத்தப்பட்டது. சுமார் 300 மில்லிசெகண்ட் எடுத்து நிதானமாக ஏறும். பி.பி.சி.காரர்கள் வேகமாகப் பாயும் உச்ச மீட்டரை வைத்துக்கொண்டார்கள். இரண்டுமே கருவி கெடாமல் பார்த்துக்கொள்ள நல்ல காவல்காரர்கள். ஆனால் எந்த அதிர்வெண் நமக்கு எவ்வளவு பலமாகக் கேட்கும் என்ற கணக்கு இரண்டிலும் கிடையாது.

காதுக்கான கணக்கு 2006-ல்தான் உலகத் தரமாக வந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ்.1770. அடித்தொண்டை பாஸைக் கொஞ்சம் கழி, உயர் அதிர்வெண்ணைக் கொஞ்சம் தூக்கு, பிறகு 400 மில்லிசெகண்ட் துண்டு துண்டாகச் சராசரி எடு, அவ்வளவுதான். வரும் எண்ணுக்கு எல்.யூ.எஃப்.எஸ். என்று பெயர். "முதல் பத்து வினாடி மௌனமா இருந்து சராசரியை இறக்கிட்டு அப்புறம் அலறலாமே" என்று யோசிக்கிற கிரிமினல் மூளைக்கும் மருந்து வைத்திருக்கிறார்கள். மொத்தச் சராசரிக்குப் பத்து டெசிபலுக்குக் கீழே போகும் துண்டுகள் கணக்கிலேயே சேராது :-)

அந்தக் கணக்கில் என் பதிவை ஓட்டினேன். இலவச எஃப்.எஃப்.எம்பெக் மென்பொருளிலேயே இது இருக்கிறது. வந்த எண்ணின் தனி மதிப்பு நான் பதிவு செய்த அளவைப் பொறுத்தது, அதை விடுங்கள். வித்தியாசம்தான் விஷயம். சீரியலைவிட விளம்பரம் 9 டெசிபல் மேலே. பத்து டெசிபல் ஏறினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகத் தெரியும். அப்பாவுடைய குறுகின காதுக்கு எப்படி இருந்திருக்கும்!

இப்போ என் கட்சி. "ரிமோட் எதுக்கு இருக்கு, குறைச்சுக்க வேண்டியதுதானே" என்கிறவர்களிடம் சண்டை போடத் தயார். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-ல் -23 என்று ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் அதே வருஷம் சட்டமே போட்டு 2012 டிசம்பரில் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். நம்ம ஊர்ல? 1994 கேபிள் டிவி விதிகளில் விளம்பரம் 'மிதமிஞ்சிச் சத்தமாக' இருக்கக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு போனால் மிதமிஞ்சினது? அந்த வரியில் எண் இல்லை. எண் இல்லாத விதியை மீறவும் முடியாது, மீறியதாக நிரூபிக்கவும் முடியாது. படி இல்லாத கடையில் எடை குறைவு என்று எப்படிச் சண்டை போடுவது?

"எல்லாத்தையும் ஒரே அளவாக்கினா சினிமாவுல ரகசியமும் இடியும் ஒன்னாயிடுமே" என்று இசை ஆர்வலர்கள் கேட்கலாம். உண்மையில் நேர் எதிர். இங்கே அளப்பது முழு நிகழ்ச்சியின் சராசரி, உள்ளே ஏற்ற இறக்கம் இருந்தால் தப்பில்லை. ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு என்பதற்குத் தனி அளவே உண்டு. நசுக்கிக் கத்தினால் மொத்தமாகக் குறைத்துவிடுவார்கள் என்று ஆனபிறகு நசுக்க எவனுக்கு ஆசை வரும்?

அப்பாவிடம் கிராஃபைக் காட்டினேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த மேடு விளம்பரமா?" என்றார். "ஆமாம்ப்பா." "நான் சொன்னேன்ல?" அவ்வளவுதான். மறுநாள் எட்டு மணிக்கு டிவி போட்டார்.

டிஸ்கி: அப்பாவுக்கு இப்போது காது மெஷினும் இருக்கிறது. டிவி செட்டிங்கில் ஒலியைச் சமன் செய்யும் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள், வீட்டுப் பெரியவர்களைத் திட்டுவதற்கு முன்னால். நான் திட்டிய பிறகுதான் போட்டேன்.